டாலருக்குத் தலையாட்டிய பறவை

அந்த நவம்பரில் தண்டர் பே ஊரில் மூன்று வரிசைகள் நின்றன. ஒன்று டோனட் கடையில். ஒன்று பனிக்கால டயர் மாற்றும் இடத்தில். மிக நீளமானது டெஸ்மண்ட் க்ரிக்கின் ஆடியோ கடையில், செத்துப்போய்ப் பாடம் பண்ணிய ஒரு பறவையைத் தரிசிக்க.

சாதாரணப் பறவை இல்லை, லூன் என்கிற ஏரிப் பறவை. எங்கள் நாட்டு ஒரு டாலர் காசில் நீந்துகிறதே, அதே ஜாதி. "டாலர் விழப்போறது டாலர்ல இருக்கிற பறவைக்குத் தெரியாம உங்களுக்கா தெரியும்?" என்று க்ரிக் கேட்டார். நியாயமான கேள்வி. ஊரே வாயை மூடிக்கொண்டு பர்ஸைத் திறந்தது.

லூன் ஒரு பெரிய ஸ்பீக்கர்மேல் உட்கார்ந்திருக்கும். வேண்டிய சரக்கை முன்னால் வைத்தால் க்ரிக் கண்ணை மூடுவார். பறவை தலையாட்டினால் திங்கட்கிழமை டாலர் விழும், வெளிநாட்டுச் சரக்கு விலை ஏறும், இன்றே வாங்கு. ஆட்டாவிட்டால் காத்திரு. அது ஆட்டாமல் இருந்து நான் பார்த்ததில்லை. ஒருவர் தும்மினார், அதற்கும் ஆட்டியது.

என் சிநேகிதன் ரெய்னோ ஓர் இங்கிலாந்து ஆம்ப்ளிஃபயரைக் காதலித்தான். அதற்காகப் பனி வண்டியை விற்கக் கிளம்பினான். வண்டி போனால், ஏரிக்கு அக்கரையில் இருக்கும் அவன் வீட்டுக்குக் குளிர்காலம் முழுக்க நடைதான்.

"ஐஸ்மேல நடந்தே சாகப் போறோமா?" என்றாள் மனைவி அய்லி.

"திங்கக்கிழமை பவுண்டு எகிறுதாம். பறவையே சொல்லிடுச்சு."

"போன வருஷமே வாங்கி வச்ச சரக்குய்யா அது! அலமாரில தூங்குறதுக்குத் திங்கக்கிழமை டாலர் என்ன பண்ணும்?"

"அதெல்லாம் பொருளாதாரம். உனக்குப் புரியாது."

சனிக்கிழமை அய்லி வரிசையில் நின்றாள், துண்டு போர்த்திய ஒரு பெட்டியோடு.

"இதுக்கு ஜோடி வேணும்."

"எந்த நாட்டுச் சரக்கும்மா?"

"அதையும் பறவையே சொல்லட்டுமே."

க்ரிக் கண்ணை மூடினார். லூன் கழுத்து ஒடியும்படி ஆட்டியது. "இங்கிலாந்து ஸ்பீக்கர்! பவுண்டு பாயுது! திங்கக்கிழமை நாலாயிரம் டாலர். இன்னிக்கு மூவாயிரம். கடையில ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு!"

அய்லி துண்டை உருவினாள். மீன் நாற்றம் கடையை நிறைத்தது.

"அடிப்பாவி, இது என் தூண்டில் பெட்டி!" என்று வரிசையில் பின்னால் நின்ற ரெய்னோ அலறினான். "நானே கராஜ்ல ஆணி அடிச்சது!" பிறகு குரலைத் தாழ்த்தி, "நாலாயிரமா? இன்னும் ரெண்டு அடிக்கட்டுமா?"

அய்லி பறவைக்கு அடியிலிருந்த ஸ்பீக்கரின் ஒயரைப் பிடுங்கினாள். "இப்பக் கேளுங்க."

பறவை அசையவில்லை. அசைந்தது க்ரிக்கின் கால்தான். கம்பளத்துக்கு அடியில் ஒளித்த பெடலை, கல்யாண வீட்டில் ஆடுகிற மாதிரி மிதித்துக்கொண்டிருந்தார். மிதித்தால் ஸ்பீக்கர் நம் காதுக்கு எட்டாத தாழ்ந்த ஒலியில் அதிரும். பறவைக் கழுத்தின் ஸ்பிரிங் ஆடும். அவ்வளவுதான் தீர்க்கதரிசனம்.

வண்டி தப்பியது. டாலர் விழுந்தால் ஏறுகிற விலை, டாலர் எழுந்தால் ஏன் இறங்குவதில்லை என்று மட்டும் பறவையிடம் அதுவரை ஒருவரும் கேட்டிருக்கவில்லை.

லூனின் தலையைப் பிரித்துப் பார்த்தோம். உள்ளே வைக்கோல். வரிசையில் நின்ற மற்ற தலைகளைப் பிரித்துப் பார்க்கவில்லை. அந்தத் தலைகளுக்குச் சொந்தக்காரர்களே அவ்வப்போது திறந்து பார்த்துக்கொள்வது நல்லது.