அம்பாசிடரை இளைக்க வைத்த கதை

இருபத்து நான்கு வயதில் ஒருவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கும். எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே தெரிந்திருந்தது. அந்தக் கூடுதல் அறிவை நம்பித்தான் அப்பாவின் பழைய அம்பாசிடரைப் பந்தயக் காராக மாற்றக் கிளம்பினேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. பல்லடம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, மில்காரர் ஒருவர் தன் காலி நிலத்தில் வளைவும் நெளிவுமாகத் தார்ப்பாதை போட்டிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் யார் வேண்டுமானாலும் சொந்தக் காரைக் கொண்டுவந்து வேகமாக ஓட்டிப் பார்க்கலாம் என்று சொல்லியிருந்தார். பந்தயம்கூடக் கிடையாது. பரிசு, கோப்பை, மாலை எதுவும் இல்லை. (வீட்டில் நான் 'ரேஸ்' என்றுதான் சொல்லியிருந்தேன்.)

அதே ஞாயிறு மாலை நாலு மணிக்கு ஆனைமலையிலிருந்து பெண் வீட்டார் என்னைப் பார்க்க வருவதாக இருந்தது. பெண் பெயர் கவிதா, எங்கள் கோயமுத்தூரிலேயே விடுதியில் தங்கிக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். ஜாதகம் பொருந்திவிட்டது. போட்டோவை எத்தனை தடவை பார்த்தேன் என்பதை வெளியே சொல்ல முடியாது. இந்த இடம் தட்டிப்போனால் சாமியாராகப் போவது என்று முடிவு செய்திருந்தேன்.

காரைத் தயார் செய்தது ஆறுச்சாமி அண்ணனின் மெக்கானிக் ஷெட்டில். அண்ணன் முதல் நாளே சொன்னார்.

"தம்பி, மொதல்ல பிரேக்கப் பாக்கோணுமுங்க. ஓடறது பெருசில்லீங்க, நிக்கறதுதான் பெருசு."

"அத நீங்க பாத்துக்கங்ண்ணா. நான் எடையக் கொறைக்கறேன்."

எடை குறைந்தால் வேகம் கூடும் என்று ஏதோ ஒரு பத்திரிகையில் படித்திருந்தேன். ஸ்டெப்னி, ஜாக்கி, பம்பர் எல்லாவற்றையும் இறக்கினேன். பக்கத்து சீட்டு, பின்சீட்டு, தரைவிரிப்பு எல்லாம் போயின. பின்சீட்டுக்குப் பின்னால், டிக்கியை மறைத்துக்கொண்டு ஒரு தடுப்புப் பலகை இருந்தது. அதையும் விடவில்லை. டிக்கிப் பூட்டைக்கூடக் கழற்றிவிட்டுக் கயிறு கட்டினேன். பின்சீட்டைப் பிடித்திருந்த இரும்புக் கொக்கிகள் மட்டும் அசையவில்லை, போகட்டும் என்று விட்டுவிட்டேன். கார் மட்டும் இளைத்தால் போதுமா என்று ஞாயிறு காலை இரண்டு இட்லியோடு எழுந்தேன். (பெண் வீட்டார் வரும் படபடப்பு என்று அம்மா நினைத்துக்கொண்டார்.)

தார்ப்பாதையில் கொடி காட்டுபவர் எங்களையெல்லாம் ஓர் ஓரமாகக் கூட்டி விதிமுறைகளைச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில்தான், நான் அங்கிருப்பதை எங்கள் வீட்டில் கேட்டுத் தெரிந்துகொண்டு கவிதாவின் அப்பா வந்திருக்கிறார். வீட்டில் பார்த்தால் எல்லாப் பையனும் நல்ல பையனாகத்தான் தெரிவான், வெளியில் வைத்துப் பார்ப்போம் என்பது அவர் கணக்கு. மகளையும் விடுதியிலிருந்து கூட்டிக்கொண்டு ஜீப்பில் வந்தவர், எங்கள் வீட்டுக்கென்று தோப்பிலிருந்து ஒரு மூட்டை உரித்த தேங்காய் கொண்டுவந்திருந்தார். நாற்பது காய். காரை அடையாளம் கேட்டு, கயிற்றை அவிழ்த்து, மூட்டையை டிக்கியில் வைத்து, மறுபடி அழகாகக் கட்டிவிட்டுப் போய்விட்டார். என்னிடம் சொல்லவில்லை. கொடுத்ததைச் சொல்லிக்காட்டுவது அவருக்கு மரியாதைக் குறைவு. இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும்.

கொடி இறங்கியது. நேர்ப்பாதையில் கார் பறந்தது. (பறந்தது என்பது என் சொல். ஆறுச்சாமி அண்ணன் 'போச்சுங்க' என்பார்.) முதல் வளைவு வந்தது. பிரேக்கை அழுத்தினேன். அண்ணன் தன் கையால் மாற்றிய பிரேக் அல்லவா, அருமையாகப் பிடித்தது. கார் நின்றுவிடப் பார்த்தது. மூட்டை நிற்கவில்லை.

கொக்கியில் சிக்கிச் சாக்கு கிழிந்தது. தடுக்கச் சீட்டும் இல்லை, பலகையும் இல்லை. நாற்பது தேங்காயும் முன்னால் வந்தன. ஒன்று காதோரமாகப் போய் டேஷ்போர்டில் இடித்தது. இன்னொன்று பிரேக்குக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. மறுபடி மிதித்தேன், பிரேக் இறங்கவில்லை. கார் நேராகப் பக்கத்துச் சோளக்காட்டுக்குள் போய், வரிசை வரிசையாகச் சோளத்தைச் சாய்த்துவிட்டு, பெருமூச்சு விட்டு நின்றது. கதவைத் திறந்ததும் எனக்கு முன்னால் தேங்காய்கள் இறங்கின.

வெள்ளை வேட்டி சட்டையில் ஒருவர் மூச்சிரைக்க ஓடிவந்தார். எனக்கு வந்த கோபத்தில் யார் என்றுகூடப் பார்க்கவில்லை.

"எந்த மடையனுங்க என்ற வண்டியில தேங்காய வெச்சது?"

"நானுங்க," என்றார். "கவிதாவோட அப்பனுங்க."

அந்தச் சோளக்காட்டிலேயே ஒரு குழி வெட்டிப் படுத்துக்கொள்ளலாம் என்றிருந்தது. ஆனால் அவர் கோபப்படவில்லை. என் தலையையும் தோளையும் தடவிப் பார்த்தார். "வெறுங்கையோட வரக்கூடாதுன்னு கொண்டாந்தனுங்க. உங்கள கொல்லப் பாத்துட்டனே தம்பி," என்றபோது அவர் கண் கலங்கிவிட்டது. அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

"காய் மேல தப்பில்லீங்க. பின்சீட்டு, பலகை எல்லாத்தையும் கழட்டிப்போட்டது நானுங்க. மடையனும் நான்தானுங்க."

அவர் காருக்குள் எட்டிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பின்னாலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம். கைக்கு ஒரு தேங்காயாகப் பிடித்துக்கொண்டு கவிதா நின்றிருந்தாள். போட்டோவில் இவ்வளவு சிரிக்கவில்லை.

"அப்பா, முப்பத்தாறு கெடச்சிருச்சுங்க," என்றாள். "இன்னும் நாலு."

மீதி நாலையும் நாங்கள் மூவரும் சோளத்துக்குள் குனிந்து குனிந்து தேடினோம். பெண் பார்க்கும் சடங்கு அங்கேயே முடிந்துவிட்டது.

அந்தத் தை மாதமே கல்யாணம் நடந்தது. "புத்தி கொஞ்சம் கம்மிதானுங்க, ஆனாப் பொய் வராது," என்று என் மாமனார் சொந்தபந்தத்திடமெல்லாம் சொல்லி வைத்திருந்தாராம். அதற்குப் பிறகு நான் நாலு கார் மாற்றிவிட்டேன், நாலிலும் பின்சீட்டு உண்டு. ஆனாலும் இன்றுவரை தோப்புத் தேங்காய் எங்கள் வீட்டுக்குப் பஸ்ஸில்தான் வருகிறது. நான் காரில் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று போன வாரமும் போனில் கெஞ்சினேன்.

"வேண்டாமுங்க மாப்ள," என்றார். "பஸ்ஸுல ஏத்துனா நான் சொல்ற எடத்துல எறங்குமுங்க. உங்க கார்ல ஏத்துனா, அதுக எறங்கற எடத்துக்கு நாம ஓடோணுமுங்க."