வியட்நாமுக்கு வாய்க்கால் வழியாக

நாற்பது வயதுக்கு மேல் ஓர் ஆண் திடீரென்று முதுகுப்பை வாங்கினால் வீட்டில் சந்தேகப்பட வேண்டும். என் மனைவி மல்லிகா சந்தேகப்படவில்லை. கூட வேலை பார்க்கிற நாலு வாத்தியார்களோடு வியட்நாம் போகிறேன் என்று சொல்லியிருந்தேன். போவது நான் மட்டும்தான். (தனியாக என்றால் விடமாட்டாள். அதனால் நாலு பேரைப் பிறப்பித்தேன்.)

பத்து நாளுக்கு ஏழே கிலோ என்பது என் கொள்கை. அதற்காகப் பல்துலக்கும் பிரஷ்ஷைப் பாதியாக வெட்டினேன். துண்டையும் வெட்டினேன். பையை மாட்டிக்கொண்டு நடந்து பழக வேண்டும் என்று ஏதோ வீடியோவில் சொன்னார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, திருவையாறு தாண்டி ஒரு வாய்க்கால் கரையில் இறங்கினேன். கையில் மடக்குக் கைத்தடி. நூறு மீட்டருக்கு ஒருமுறை அதைச் சேற்றில் ஊன்றி, செல்போனில் தூரம் பார்த்துக்கொண்டேன்.

வயலுக்கடியில் எரிவாயு இருக்கிறதா என்று அளக்க வருகிறார்களோ என்ற பயம் ஊர் ஊராக இருக்கிற பகுதி அது. தஞ்சாவூர்க் கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிற எனக்கு இது தெரியாதா? தெரியும். வகுப்பில் ஒரு மணி நேரம் பேசியிருக்கிறேன்.

களை பறித்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருவர் நிமிர்ந்தார். பெயர் செல்வி என்று பிறகு தெரிந்தது.

"என்ன சார் அளக்கிறீங்க?"

"ஒண்ணுமில்லைங்க. நூறு மீட்டருக்கு ஒரு தடவை குறிச்சுக்கறேன்."

இதைவிடச் சிறந்த வாக்குமூலத்தைப் போலீஸ்கூட வாங்கியிருக்க முடியாது. ஐந்து நிமிடத்தில் முப்பது பேர் சுற்றி நின்றார்கள்.

"பைய இறக்குங்க" என்றார் செல்வி.

வரப்பில் என் ஏழு கிலோவும் பரப்பப்பட்டது.

"மிஷின் எங்க?"

"மிஷினெல்லாம் இல்லைங்க. நான் வியட்நாம் போறேன்."

"வாய்க்கால் வழியாவா?"

யாரும் சிரிக்கவில்லை என்பதுதான் பயமாக இருந்தது. செல்வி ஒவ்வொன்றாக எண்ணினார்.

"ரெண்டு ஜட்டி. எத்தனை நாளைக்கு?"

"பத்து. தெனம் துவைச்சுக்குவேன்."

"காயலன்னா?"

நாற்பது வீடியோ பார்த்திருந்தேன். ஒருவரும் இதைக் கேட்கவில்லை.

"பாத்தா வீட்ல சண்டை போட்டுட்டு வந்தவரு மாதிரி இருக்கு. சம்சாரம் நம்பர் சொல்லுங்க" என்றார். சொன்னேன். மறுக்கிற நிலையில் நான் இல்லை. தன் போனிலேயே அழைத்து, ஸ்பீக்கரில் போட்டார்.

"அக்கா, உங்க வீட்டுக்காரரு எங்க வயக்காட்டுல நிக்கிறாரு. தனியா வியட்நாம் போறேங்கிறாரு. நெசமாங்க?"

மல்லிகாவின் குரல் வரப்பு முழுக்கக் கேட்டது.

"தனியாவா? நாலு வாத்தியாருங்க கூட வர்றாங்கன்னுல்ல சொன்னாரு!"

முப்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். அதுவரை அந்தக் கண்களில் இருந்தது கோபம். இப்போது அளக்க வந்தவனே தேவலாம் என்கிற பார்வை. செல்வி ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, போனைக் காதில் வைத்துக்கொண்டு வரப்போரமாக நடந்து போனார். இருபது நிமிடம் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று இன்றுவரை எனக்குச் சொல்லப்படவில்லை. திரும்பி வந்தவர், பிரஷ் உட்பட எல்லாவற்றையும் என்னைவிட நேர்த்தியாகப் பைக்குள் அடுக்கி, "பாத்துப் போங்க. அக்கா டிபன் எடுத்து வச்சிருக்காங்களாம்" என்றார்.

டிபன் இருந்தது. பேச்சு இல்லை. மூன்றாம் நாள் மல்லிகா தன் பாஸ்போர்ட்டை மேசைமேல் வைத்தாள்.

இருவரும்தான் போனோம். அவள் கொண்டுவந்த இருபத்துமூன்று கிலோ பெட்டியை ஹனோய் முழுக்க இழுத்தவன் நான்.

"எந்த டிராவல்ஸ்ல போனீங்க?" என்று உறவினர்கள் யாராவது கேட்டால், மல்லிகா முகத்தில் சிரிப்பே இல்லாமல் "செல்வி டிராவல்ஸ்" என்பாள். போன மாதம் என் சித்தப்பா அதை நம்பி நம்பர் கேட்டார். கொடுத்துவிட்டாள்.