ஆடுகள் வைத்த பரீட்சை

புதுக்கோட்டை சமஸ்தானத்தில் எத்தனையோ மேதாவிகள் படித்திருக்கலாம். ஆனால் ஆடுகளின் முன்னால் பரீட்சைக்கு நின்றவன் எங்கள் ஹாஸ்டல் சீட்டி ஒருவன்தான். வீட்டில் வைத்த பெயர் ஏதோ நல்ல பெயர். அது வாத்தியார்களுக்கே மறந்துபோனது.

எல்லாம் எல்.டி. சாரால் வந்த வினை. சென்னையில் எல்.டி. என்ற வாத்தியார் பயிற்சி முடித்துச் சூடு ஆறாமல் எங்கள் பள்ளிக்கு வந்தவர். ஒவ்வொருவனும் தானாகவே ஏதாவது ஒன்றைக் கற்று, வருஷக் கடைசியில் செய்து காட்ட வேண்டும் என்றார். குறிக்கோளை ஒரே வாக்கியத்தில் சொல்ல வேண்டும். அது நிறைவேறியதா இல்லையா என்பது வழிப்போக்கனுக்கும் தெரிய வேண்டும். நான் அறிவை வளர்த்துக்கொள்ளப் போவதாகச் சொன்னேன். வளர்ந்ததை யார் பார்ப்பது என்று கேட்டு உட்கார வைத்துவிட்டார்.

அப்போது இவன் எழுந்தான்.

"நான் சீட்டியடிச்சா எங்க ஆடுக திரும்பிப் பாக்கணும் சார்."

வகுப்பே சிரித்தது. சார் மட்டும் சிரிக்கவில்லை. குறிக்கோள் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று எங்களுக்கே உதாரணம் காட்டினார். அன்றிலிருந்து அவன் பெயர் சீட்டி.

காரணத்தைப் பிறகு கிணற்றடியில் சொன்னான். நார்த்தாமலையில் அவன் அப்பா ஆடு மேய்ப்பவர். அவர் நாக்கை மடித்து ஒரு சீட்டி அடித்தால், பாறையெல்லாம் சிதறிக் கிடக்கும் மந்தை மொத்தமும் திரும்பும். இவன் ஹாஸ்டலுக்கு வந்தபின் இவனை அவை சட்டை செய்வதே இல்லை.

"லீவுக்குப் போனா ஆடுகூட என்னைய விருந்தாளி மாதிரி பாக்குதுடா" என்றான். படித்துப் படித்தே வீட்டுக்கு ஆகாதவனாகிவிடுவோமோ என்று அவனுக்குப் பயம். சிரித்துக்கொண்டே சொன்னதால் நாங்களும் சிரித்து வைத்தோம்.

முதலில் வெறும் காற்றும் எச்சிலும்தான் வந்தன. பாம்பு சீறுகிறதென்று வார்டன் தடியோடு ஓடி வந்தார். பிறகு சத்தம் பிறந்தது, தெருநாய்கள் வந்தன, கடைசியில் ரோந்துப் போலீஸ்காரரே வந்து, கூப்பிட்டது எந்த அதிகாரி என்று விசாரித்தார். வார்டன் பிரம்பை எடுத்த நேரம் பார்த்து, சாப்பாட்டு மணியாகத் தொங்கிய தண்டவாளத் துண்டை எவனோ கழற்றிக்கொண்டு போய்விட்டான். வேறு வழியில்லாமல் சீட்டியே எங்கள் சாப்பாட்டு மணியானான். அவன் வாயில் விரல் வைத்தால் எங்கள் வாயில் நீர் ஊறும்.

வருஷக் கடைசியில் எங்கள் அறை மொத்தமும் எல்.டி. சாரோடு நார்த்தாமலைக்குப் போனது. ஆடுகள் பாறைச் சரிவில் மேய்ந்தன. ஆடுகள் தன்னைப் பார்த்துவிடக் கூடாதென்று அவன் அப்பா ஒரு மரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். நாங்கள் சற்றுத் தள்ளிச் சுனையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தோம்.

சீட்டிச் சத்தம் கேட்டது. அவ்வளவுதான், எதற்கு வந்தோம் என்பதே மறந்து ஈர வாயோடு ஓடினோம். அவன் பக்கத்தில் மூச்சிரைக்க நின்ற பிறகுதான் அங்கே சோறு இல்லை என்பது உறைத்தது. ஆடுகள் தலை நிமிரவே இல்லை. மறுபடி அடித்தான். கிழட்டுக் கிடா ஒன்று வாலை ஆட்டிவிட்டுப் புழுக்கை போட்டது. குறிக்கோள் நிறைவேறவில்லை என்று எல்.டி. சார் மெதுவாகச் சொன்னார். சீட்டிக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு அந்தக் கிடாவை அடித்துக் குழம்பு வைக்கலாம் போல இருந்தது.

அவன் அப்பா மரத்துக்குப் பின்னாலிருந்து வந்தார். மூச்சிரைத்துக்கொண்டிருந்த எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"ஆடு பாக்காட்டி போகுது விடப்பா. ஒன் சீட்டிக்கு இம்புட்டுப் புள்ளைக ஓடியாந்துருக்குக" என்று தன் கம்பை அவன் கையில் கொடுத்தார். "சாயங்காலம் நீயே பத்திக்கிட்டு வா."

அன்று சாயங்காலம் அவன் சீட்டியடிக்க, நாங்கள் ஓட, எங்களுக்குப் பயந்து ஆடுகள் வீடு போய்ச் சேர்ந்தன. எல்.டி. சார் தீர்ப்பை மாற்றவில்லை. ஆனால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரும் ஓடினார்.

இன்றைக்கும் கடைத்தெருவில் யாராவது சீட்டியடித்தால் எனக்கு முதலில் பசிக்கிறது. பிறகு அந்தப் பாறைச் சரிவில் கண் கலங்கி நின்ற அவன் ஞாபகம் வந்து, கொஞ்ச நேரத்துக்கு எதுவும் சாப்பிடத் தோன்றுவதில்லை.