பாரமிறக்கியாரின் தராசு

காலை ஏழு மணிக்கே அந்த மண்டபத்து வாசலில் வரிசை தெருமுனை வரை வளைந்துவிடும். இலவசமாக ஏதாவது கொடுக்கிறார்களோ என்று எண்ணிவிடாதீர்கள். வரிசையில் நின்றவர்கள் குண்டு நாய்களின் எஜமானர்கள். ஒவ்வொரு நாயும் கூடைக்குள் படுத்து, கறுப்புப் போர்வைக்கு அடியில் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும். தூக்கி வந்தவர்களுக்கு அதைவிட அதிகமாக மூச்சு வாங்கும். நாயை இளைக்க வைக்க வந்த இடத்தில், கூடை தூக்கித் தூக்கி எஜமானர்கள்தான் இளைத்துப்போனார்கள்.

உள்ளே பட்டு விரித்த ஆசனத்தில் பாரமிறக்கியார் வீற்றிருந்தார். நாய் சோறு தின்று கொழுப்பதில்லை, ஊரார் கண் பட்டுக் கொழுக்கிறது என்பது அவர் கண்டுபிடிப்பு. அதனால்தான் போர்வை. கண் பட்ட நாய்மேல் இன்னொரு கண் படக்கூடாதாம்! அவர் பக்கத்தில் மஞ்சள் துணி போர்த்திய ஒரு பெரிய தராசுப் பலகை, அதை ஒட்டி ஒரு சீடன். கூடையோடு நாயை அதில் வைப்பார்கள். எண் ஒளிரும். பாரமிறக்கியார் கண்ணை மூடி முணுமுணுப்பார். திறக்கும்போது ஆறு கிலோ குறைந்திருக்கும். கூட்டம் ஆவென்று வாயைப் பிளக்கும்.

தெருவின் எதிர்ப்பக்கத்தில் கால்நடை மருத்துவர் ஒருவர் தன் வாசலில் நின்று இந்தக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவரிடம் ஈ காக்கைகூட வருவதில்லை. அவர் செய்த குற்றம் ஒன்றுதான்: "தீனியைக் குறைங்க, தினம் நடக்க வைங்க" என்று சொல்லிவிட்டார். இதில் என்ன அதிசயம் இருக்கிறது? யார் போவார்கள்?

வரிசையில் தையல்காரர் ஒருவரும் இருந்தார். அவருடைய நாய் பஞ்சு. பெயரில் மட்டும்தான் பஞ்சு. எடை நாற்பது கிலோ. மனைவி இருந்தவரை அது தினம் இரண்டு வேளை அவளோடு நடந்தது. அவள் போய் ஒரு வருஷம் ஆகிறது. தையல்காரர் மெஷினில் உட்கார்ந்தால் எழுவதில்லை. பஞ்சு காலடியில் படுத்து அண்ணாந்து பார்க்கும். பார்த்தால் ஒரு பிஸ்கட். நாள் முழுக்க அதற்குப் பார்ப்பதைத் தவிர வேறு வேலையும் இல்லை.

முதல் நாளே பாரமிறக்கியார் போர்வைமேல் கை வைத்து, "உங்க வீட்ல ஒரு சாவு விழுந்திருக்கு" என்றார். வரிசையில் தையல்காரர் அடுத்தவரிடம் புலம்பியதைச் சீடன் பின்னால் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தான். ஆனால் தையல்காரருக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

"ஆமாங்க. என் சம்சாரம்."

"அந்தம்மாவோட அழுகைதான் இது வயித்துல பாரமா உக்காந்திருக்கு. நடக்க விடாதீங்க. நடந்தா பாரம் கால்ல இறங்கிடும். தினம் நாலு உருண்டை கொடுங்க, கரைஞ்சிடும்."

உருண்டை என்பது சர்க்கரையும் வெண்ணெயும் பிசைந்தது. கரைக்கிற சரக்கைப் பார்த்தீர்களா! தையல்காரர் அங்கேயே தேம்பி அழுதார். காணிக்கை வைத்துவிட்டுக் கூடையைத் தூக்கினார். மறுவாரம் போனால் பஞ்சு பழையபடி கனத்தது. "கண்ணு திரும்ப வந்திருக்கு" என்றார் பாரமிறக்கியார். மறுபடி ஆறு கிலோ இறக்கினார். அதற்கடுத்த வாரமும் அப்படியே.

நான்காம் வாரம் பஞ்சு வீட்டு வாசற்படியில் கால் இடறி விழுந்தது. எழ முடியவில்லை. நாக்கு ஒரு முழம் தொங்கியது. அன்றைக்குப் பார்த்து தையல்காரரின் தங்கை வந்திருந்தாள். பார்சல் ஆபீசில் இருபது வருஷமாக எடை போடுகிறவள்.

"என்னண்ணே இது? கொல்லப் பாக்குறியா?"

"பதினெட்டு கிலோ இறக்கியாச்சும்மா. இன்னும் கொஞ்சம் பாரம்தான் பாக்கி."

"பதினெட்டு கிலோ இறங்கியிருந்தா இது எலும்பும் தோலுமால்ல இருக்கணும்?"

இருவரும் நாயைத் தள்ளுவண்டியில் ஏற்றி பார்சல் ஆபீஸ் தராசில் வைத்தார்கள். நாற்பத்து மூன்று. மூன்று கிலோ கூடியிருந்தது. அங்கிருந்து நேராக மருத்துவரிடம் போனார்கள். அவர் நாயின் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார்; முகம் கறுத்தது.

"இதயம் திணறுது. இன்னும் ஒரு மாசம் இப்படியே தின்னா தாங்காது."

அப்போதும் தையல்காரர், "பாரமிறக்கியாரை ஒரு வார்த்தை கேட்டுக்கலாமா?" என்றார். நம்பிக்கை லேசில் விடுமா?

"கேட்டுடுவோம்" என்றாள் தங்கை.

அடுத்த நாள் கூடையும் போர்வையுமாக இருவரும் வரிசையில் நின்றார்கள். முறை வந்தது. கூடை பலகை ஏறியது. நாற்பத்தாறு! கூட்டம் உச்சுக்கொட்டியது. பாரமிறக்கியார் போர்வைமேல் கை வைத்தார். அவர் கண்ணிலேயே நீர் முட்டியது.

"ஐயோ, அழுவுதே! எஜமானியைத் தேடுதே!"

"நல்லாக் கேட்டுப் பாருங்க" என்றாள் தங்கை. "வேற ஏதாவது சொல்லுதா?"

"உருண்டை பத்தலைங்குது."

முணுமுணுப்பு முடிந்தது. எண் நாற்பதுக்கு இறங்கியது. ஒரே கைதட்டல். அந்தச் சத்தத்துக்கு நடுவே அவள் போர்வையை உருவினாள்.

உள்ளே ஒரு மணல் மூட்டை. வாய் தைத்து, 'கூடையோடு சேர்த்து நாற்பது கிலோ' என்று பார்சல் ஆபீஸ் முத்திரை குத்தியிருந்தது.

பாரமிறக்கியார் சாமானியரா? நொடியில் சமாளித்தார். "மணலுக்கும் மனசு உண்டு!"

முன்வரிசையில் இரண்டு பேர், "அதானே" என்று தலையாட்டினார்கள்! சத்தியமாக ஆட்டினார்கள்.

தங்கை குனிந்து மஞ்சள் துணியைத் தூக்கினாள். துணிக்கடியில் பலகை ஓரத்தை அழுத்தியபடி சீடனின் பாதம். அவன் கட்டைவிரலை மடக்கினான், என்ன பயன்?

"இந்தக் கால் அமுக்கினா ஆறு கிலோ ஏறும். எடுத்தா இறங்கும். பார்சலுக்கு அடியில கால் கொடுக்கிற எத்தனை பேரைப் பாத்திருக்கேன்!"

தையல்காரர் ஆசனத்துக்கு எதிரே போய் நின்றார்.

"என் பொண்டாட்டி அழுவுறான்னு சொன்னியே. மூணு வாரம் நான் தூங்கலைய்யா. அது இந்த மணல் மாதிரிதானா?"

பாரமிறக்கியார் பின்வாசலைத் தேடினார். அங்கே கூடை தூக்கித் தோள் கழன்றவர்கள் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார்கள்.

அன்று சாயங்காலமே தையல்காரர் பஞ்சுவை வெளியே நடக்க அழைத்துப் போனார். மூன்று வீடு தாண்டியதும் அது உட்கார்ந்துவிட்டது. அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். மறுநாள் நான்கு வீடு. தீனி மருத்துவர் சொன்ன அளவில் ஒரே கிண்ணம். பஞ்சு அண்ணாந்து பார்த்தால் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். காது மடலில் சொறிந்துவிடுவார். இரண்டு மாதத்தில் இஞ்சு டேப்பால் இடுப்பைச் சுற்றி அளந்தார். ஐந்து அங்குலம் குறைந்திருந்தது. ஐந்தாம் மாதம் ஒரு காக்கையைப் பார்த்ததும் பஞ்சு கயிற்றை உதறிவிட்டு ஓடியது. பின்னாலேயே ஓடிய தையல்காரர், நடுத்தெருவில் நின்று சிரித்தார். மனைவி போன பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

சேதி கேட்டு மற்ற எஜமானர்களும் மருத்துவரிடம் வந்தார்கள்.

"இதுக்கு மந்திரம் மருந்து ஒண்ணும் இல்லையா டாக்டர்? வெறும் நடைதானா?" என்று ஒருவர் ஏமாற்றத்தோடு கேட்டார்.

"நடைதான்" என்றார் மருத்துவர்.

நாய்க்கு அது போதும். ஆனால் மணல் மூட்டைக்கும் மனசு உண்டு என்று தலையாட்டினார்களே, அந்த இரண்டு பேர்? ஐயா, உங்கள் மூளையையும் தினம் கொஞ்சம் வெளியே நடத்திக் கூட்டிப்போங்கள். ரொம்ப நாளாகப் படுத்தே கிடக்கிறது.