‘தன்னலம்’ என்ற சொல்லுக்காக நடந்த விசிறிப் போர்

வாழ்க அவன்! அகராதி அலுவலகத்தில் ‘அ’ தொடங்கித் ‘த’ வரை ஆறாண்டுகள் சொற்களோடு பொருது பொருள் எழுதிய எழுத்துவேந்தன், ஒற்றை மேசைவிசிறியின் குமிழைத் தூக்கி அதன் தலையசைப்பைச் சிறைபிடித்து, அறை முழுவதற்குமான தென்றலைத் தன் நெற்றிக்கு மட்டும் திறைகொண்ட காற்றுக்காவலன், வாழ்க!

அன்று ‘தன்னலம்’ என்ற சொல்லின் முறை. பொருள் எளிது: பிறர் நலம் கருதாது தன் நலமே நாடுதல். ஆயின் அவ்வலுவலகத்துக்கு ஒரு நெறி உண்டு. எடுத்துக்காட்டைக் கற்பனையாக எழுதலாகாது. அவ்வறையில் இருவர் கண்ணால் கண்டதையே எழுத வேண்டும். காலையில் அலுவலகத்தாரிடமிருந்து பதினொரு எடுத்துக்காட்டுச் சீட்டுகள் வந்தன. ஒன்பது ஒரே குரலில் முழங்கின: ‘பொருளெழுத்தர் தன்னலத்தால் விசிறியைத் தன் பக்கமே நிறுத்திக்கொண்டார்.’

அது அகராதியில் அச்சேறினால் மாமனார் வீட்டு அலமாரியிலும், மகள் படிக்கும் பள்ளி நூலகத்திலும் அவன் தன்னலத்தின் திருவுருவாய் வீற்றிருப்பான். பதிப்பாசிரியர் இரங்கினார்.

“பன்னிரண்டு மணிக்குள்ள வேற யாராவது மாட்டினா மாத்திடலாம்ப்பா.”

எழுந்தான் வீரன். களிற்றைப் பகைவர் கோட்டைமேல் ஏவுபவனைப் போல விசிறியை இரு கரங்களால் ஏந்தி, மெய்ப்புத் திருத்தும் அக்காவின் முகத்துக்கு நேரே நிறுத்தினான்.

“உங்களுக்குத்தான்க்கா ரொம்ப வேர்க்குது. வச்சுக்கோங்க.”

காற்புள்ளி பிறழ்ந்தாலும் கண்டுபிடிக்கும் கண்ணாள் அவள். சூழ்ச்சியை ஒரே நொடியில் படித்தாள்.

“ஆறு வருசமா வேர்க்காதது இன்னைக்குத்தான் வேர்க்குதாக்கும்? நீயே வச்சுக்கோ தம்பி. எனக்குக் குளிருது.”

சொன்னவளின் மோவாயிலிருந்து வியர்வை மெய்ப்புத்தாளில் சொட்டியது. விசிறி மீண்டும் அவனை நோக்கித் திரும்பியது. அவன் அதைத் தட்டச்சர்மேல் ஏவினான்.

“எனக்குச் சளிண்ணே!” என்று தட்டச்சர் கைக்குட்டையைக் கேடயமாய்ப் பிடித்தார்.

அதன்பின் மூண்டது பெரும்போர். அவன் திருப்ப அவள் திருப்ப, அவள் திருப்பத் தட்டச்சர் திருப்ப, தாள்கள் கொடிகளெனப் பறக்க, மின்கம்பி நாணென விம்ம, கொடுப்பதே தாக்குதலாய், மறுப்பதே தற்காப்பாய், ஈகையால் ஒருவரை ஒருவர் வீழ்த்தத் துடித்த அம்மூவரும், இறுதியில் வலுவிழந்து, விசிறியை வெறுஞ்சுவரை நோக்கி நிறுத்திவிட்டு நாற்காலிகளில் சாய்ந்தனர்.

பன்னிரண்டு அடித்தது. பதிப்பாசிரியர் வந்தார். நனைந்த மூன்று சட்டைகளையும் பார்த்தார், காற்று வாங்கும் சுவரையும் பார்த்தார். புதுச் சீட்டில் எழுதினார்: ‘கெட்டபெயர் தன்னைச் சேரக்கூடாது என்ற தன்னலத்தால் மூவரும் விசிறியைச் சுவருக்கு ஓடவிட்டனர்.’

எவர்மீதும் பழி தனித்து விழவில்லை. ஆகவே மூவரும் வெற்றிப் பெருமிதத்தோடு சாட்சிக் கையெழுத்திட்டனர்.

அப்புறம் விசிறியை நிறுத்தாமல் டீ குடிக்கப் போனார்கள்.