வசவுக்கிழவியும் மூஞ்சிக்காரரும்

என் வாழ்நாளில் நான் கண்ட மகா வாயாடியும் மகா ஊமையும் ஒரே ஆள்தான். மூஞ்சிக்காரர். எழுபதுகளில் பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில் ஓர் எண்ணெய் மில்லில் நான் கணக்கெழுதிக்கொண்டிருந்தபோது அவர் எனக்குப் பக்கத்து வீடு. பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்கத்தான் வேண்டும். அதைச் சொல்ல வேண்டியவர் அவர். அவர்தான் வாயைத் திறக்க மாட்டாரே.

கூச்சம் என்றால் புதுமாப்பிள்ளைக் கூச்சம் இல்லை. டீக்கடையில் போய் நிற்பார். கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தால் டீ உண்டு. பார்க்காவிட்டால் வெயில் சாயும்வரை நின்றுவிட்டு வெறும் வயிற்றோடு திரும்பி வருவார். ஒருமுறை பொள்ளாச்சி வழியில் கோபாலபுரத்தில் இறங்க வேண்டியவர், கண்டக்டரிடம் "எறங்கோணும்" என்று சொல்ல நா எழாமல் பொள்ளாச்சி போய்ச் சேர்ந்தார். பஸ் அதற்கு மேல் போகாது என்பதால்தான் அங்கேயாவது இறங்கினார். திரும்பி வரும் பஸ்ஸிலும் அதே கதை. கோபாலபுரம் இரண்டு தடவை ஜன்னலில் வந்து போனதோடு சரி.

இந்த மனிதர் ஒரு காட்சிசாலை நடத்தினார். அப்பா விட்டுப்போன கடலை உடைக்கும் மெஷினை விற்றுவிட்டு, அது இருந்த கொட்டகையில் சுற்றுவட்டாரத்து மாரியம்மன் நோம்பித் திருவிழாக்களில் கட்டும் முகமூடிகளை, ஊர்ப் பேச்சில் மூஞ்சிகளை, மாட்டி வைத்திருந்தார். முள்முருங்கைக் கட்டையில் குடைந்த புலி, கரடி, குரங்கு, பூதம். நடுவில் பொக்கை வாயும் பிதுங்கிய கண்ணுமாக வசவுக்கிழவி. நோம்பியன்று கிழவி வேஷம் கட்டியவர் வீடு வீடாகப் போய் யாரை வேண்டுமானாலும் திட்டலாம். எவ்வளவு பெரிய பண்ணையாரானாலும் வாசலில் நின்று வாங்கிக் கட்டிக்கொண்டு, "தப்புத்தானுங்க ஆத்தா" என்று சொல்ல வேண்டும். சொன்னால்தான் கிழவி அடுத்த வீட்டுக்கு நகர்வாள். அந்தப் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு இந்தப் பதில் தூக்கத்திலும் வரும்.

கொட்டகைக்குள் நுழைந்தால் ஆளே இருக்காது. தூணுக்குப் பின்னாலிருந்து புலி வரும். "வாங்க, உக்காருங்க. நானு புலி. என்ர காது ஒண்ணக் கரையான் தின்னுபோட்டுது, பாத்துட்டுச் சிரிக்காதீங்க" என்று தன் வரலாற்றைத் தொடங்கும். புலி போனால் கரடி, கரடி போனால் பூதம். ஒவ்வொன்றுக்கும் ஒரு குரல், எல்லாம் மூஞ்சிக்காரர்தான். முகமூடிக்குப் பின்னால் போய்விட்டால் அவர் வாய்க்குப் பூட்டே கிடையாது. பாலக்காட்டிலிருந்து வந்த ஓர் அதிகாரி செருப்போடு நுழைந்தபோது கிழவி பிடித்துக்கொண்டாள். "ஏண்டா, உங்கூட்டுல சோறு திங்கற எடத்துக்கும் இப்பிடித்தான் வருவியா?" அவர் "க்ஷமிக்கணம் அம்மே" என்று மலையாளத்தில் மன்னிப்புக் கேட்டுவிட்டுச் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்.

ஒருநாள் காலை, வாயில் பல்பொடியோடு கதவைத் திறக்கிறேன், குரங்கு நிற்கிறது.

"ஏனுங்க, வேலந்தாவளம் நோம்பியில ஒரு புள்ளையப் பாத்தனுங்க. கட்டுனா அந்தப் புள்ளையத்தான் கட்டோணும்ங்க. என்ர அக்காகிட்ட நீங்களே சொல்லிப்போடுங்க."

அதுவரை அக்கா பெண் பார்த்த இடமெல்லாம் "மாப்பள ஊமையாட்டம் இருக்குது" என்று கைகழுவியிருந்தன. அதில் அவருக்கு வருத்தமே இல்லை. இந்த முறை அப்படியில்லை. குரங்கின் கண் ஓட்டைகளுக்குள் நிஜக் கண்கள் கலங்கியிருந்தன. எனக்கு வந்த சிரிப்பு அடங்கிவிட்டது.

பெண் வீட்டாரைக் காட்சிசாலைக்கே வரச்சொல்லலாம் என்று அக்காவிடம் யோசனை சொன்னவன் நான். என் மேதாவித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். பெண்ணும் அவள் அப்பாவும் வந்தார்கள். புலி வரவேற்றது, கரடி குசலம் விசாரித்தது, பூதம் கதை அளந்தது. அப்பா துண்டால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். அடுத்ததாக மூஞ்சிக்காரர் கிழவியை ஆணியிலிருந்து எடுத்த நேரம், அந்தப் பெண் சொன்னாள்: "எனக்கு அவிங்க மொகத்தப் பாத்துப் பேசோணும்ங்க."

கையில் கிழவியோடு, பூதத்தைக் கழற்றினார். உள்ளே வியர்த்து வழிந்த ஒரு முகம்.

"தம்பிக்குத் தோட்டம் எந்தப் பக்கமுங்க?" என்றார் அப்பா. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. "செரி, என்ர புள்ளையப் புடிச்சிருக்குதுங்களா?" அதற்கும் இல்லை. அக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் தரையில் கிடந்த பழைய கடலைத் தொலியை ஆராயத் தொடங்கினேன். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டு எழுந்தார்.

"போலாமா அம்மிணி?"

அம்மிணி போகவில்லை. மூஞ்சிக்காரர் கையிலிருந்த வசவுக்கிழவியை வாங்கித் தன் முகத்தில் கட்டிக்கொண்டாள்.

"ஏண்டா, வெயில்ல வந்தவிங்களுக்கு ஒரு சொம்புத் தண்ணி குடுக்கோணும்னு தோணுச்சா உனக்கு?"

"தப்புத்தானுங்க ஆத்தா."

வெறும் முகத்தோடு, கொட்டகை முழுக்கக் கேட்கும்படி. சொன்னவரே திடுக்கிட்டுப்போனார். கிழவி விடவில்லை.

"பெரியவிங்க கேட்டா வாயத் தொறக்க மாட்டயா?"

"தப்புத்தானுங்க ஆத்தா."

"இந்தப் புள்ளையப் புடிச்சிருக்குதா, இல்லியா?"

"தப்பு..." என்று பழக்கதோஷத்தில் ஆரம்பித்தவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "புடிச்சிருக்குதுங்க ஆத்தா."

அப்பா துண்டைத் தோளிலிருந்து எடுத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார்.

கல்யாணத்துக்குப் பிறகு காட்சிசாலைக்குப் போனவர்கள் நடுவில் வெற்று ஆணியைத்தான் பார்த்தார்கள். கிழவி எங்கே என்று கேட்டால் புலி சொல்லும்: "அவிங்களுக்கு ஊட்டுல வேலை ஜாஸ்திங்க."

எனக்குப் பொள்ளாச்சியில் வேறு வேலை கிடைத்தது. கிளம்பிய அன்று மூஞ்சிக்காரர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார், எந்த முகமூடியும் இல்லாமல். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பஸ் புறப்படும் நேரம் நேராகக் கண்டக்டர் முன்னால் போய் நின்றார். தொண்டையைச் செருமினார். காது மடல் வரை சிவந்துவிட்டது.

"இவிங்க பொள்ளாச்சில எறங்கோணும்ங்க. கொஞ்சம் பாத்து எறக்கி உடுங்க."

பஸ் அதற்கு மேல் போகாது என்று சொல்லக் கண்டக்டர் வாயெடுத்தார். நான் அவர் கையைப் பிடித்து அழுத்தினேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "செரிங்க, எறக்கி உட்டர்றேன்" என்றார் அந்தப் புண்ணியவான்.

அதற்குப் பிறகு எத்தனையோ ஊருக்குப் போய்விட்டேன். அவ்வளவு அன்பாக யாரும் என்னைப் பஸ் ஏற்றி விட்டதில்லை.