மைதானத்தில் நான் கட்டிய முக்கோணம்

ஒரு கோட்பாட்டைப் புதிதாகப் படித்து முடித்த ஆசிரியரை முதல் ஒரு மாதம் வீட்டிலேயே பூட்டி வைக்க வேண்டும். என்னை யாரும் பூட்டவில்லை. அதன் பலனைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அப்போது நான் நெம்மேலியைத் தாண்டி ஒரு கடலோர ஊரில், நடுநிலைப் பள்ளியில், எட்டாம் வகுப்பு ஆசிரியை. கூடுவாஞ்சேரி வீட்டிலிருந்து இரண்டு பஸ், ஒரு ஷேர் ஆட்டோ. செயலாய்வு ஒன்று செய்து தரும்படி பயிற்சி நிறுவனத்தில் கேட்டிருந்தார்கள். வகுப்பில் ஒரு சிக்கலைக் கண்டுபிடித்து, ஏதாவது செய்து பார்த்து, மாற்றம் வந்ததா என்று எழுதித் தர வேண்டும். பிழைக்கத் தெரிந்தவர்கள் வாய்ப்பாடு, கையெழுத்து என்று தலைப்பு எடுத்தார்கள். நான் 'செயல்பாட்டுக் கோட்பாடு' என்று எழுதிக் கொடுத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

விஷயம் எளிமையானதுதான். ஒருவர் செய்யும் வேலையைத் தனியாகப் பார்க்கக் கூடாது. எதற்காகச் செய்கிறார், எந்தக் கருவியால், எந்த விதிப்படி, யார் யாரோடு, வேலையை எப்படிப் பிரித்துக்கொண்டு என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இதை ஒரு முக்கோணமாக வரைவார்கள். எங்கே இடிக்கிறதோ அது முரண்பாடு. மாற்றம் அங்கிருந்துதான் தொடங்கும். (பொறுமையாகக் கேட்டுத் தெரிந்துகொள் என்றும் அதில் இருந்தது. அந்தப் பக்கத்தில் எனக்குத் தூக்கம் வந்திருக்க வேண்டும்.)

வீட்டில் தண்ணீர் மோட்டார் போடுவதற்கு முக்கோணம் வரைந்தேன். என் கணவர் காபி போடுவதற்கும் வரைந்தேன். "காபி ஆறிப்போச்சு" என்றார் அவர். முரண்பாடு என்று குறித்துக்கொண்டேன்.

பள்ளியிலும் ஒன்று மாட்டியது. கௌசல்யா, மேரி, இன்னும் இரண்டு பேர், நால்வரும் ஒரே பெஞ்சு. அவர்களுடைய நோட்டைத் திருத்தும்போது பார்த்தேன்: கௌசல்யாவின் அறிவியல் நோட்டில் மேரியின் உருண்டை எழுத்து. மேரியின் கணக்கு நோட்டில் கௌசல்யாவின் சாய்ந்த எழுத்து. புதையல் கிடைத்தவள் போல ஆகிவிட்டேன்.

கௌசல்யா தினமும் இரண்டாவது பீரியடுக்குத்தான் வருவாள். அப்பாவுக்கு முதுகு போய்ப் படுத்திருந்தார். காலையில் படகு வந்ததும் அம்மாவோடு கரைக்குப் போய், ஏலத்தில் மீன் எடுத்து, கூடையைத் திருப்போரூர் ஆட்டோவில் ஏற்றிவிட்டுத்தான் பள்ளிக்கு வர முடியும். இது எனக்கும் தெரியும். தெரிந்தும் என் ஆய்வேட்டில் 'தாமத வருகை' என்று இரண்டே வார்த்தையில் எழுதினேன்.

பிறகு விதி போட்டேன். அவரவர் நோட்டில் அவரவர் எழுத்து மட்டும். முதல் பீரியட் பாடத்தை முதல் பீரியடிலேயே எழுத வேண்டும். மூன்றே வாரத்தில் கலப்பு எழுத்து அடியோடு ஒழிந்தது. கௌசல்யாவின் நோட்டில் எழுத்தே இல்லை, ஆகவே கலப்பும் இல்லை. அதையும் வெற்றியில் சேர்த்து வரைபடம் போட்டேன்.

ஆய்வைப் பார்க்கப் பயிற்சி நிறுவனத்திலிருந்து விரிவுரையாளர் வந்தார். நான் சும்மா இருப்பேனா? படகுக் கயிறு வாங்கி, மைதானத்தில் முளையடித்து, முழங்கால் உயரத்துக்கு ஒரு முக்கோணம் கட்டினேன். மூலைக்கு மூலை பிள்ளைகள், கழுத்தில் அட்டை. 'சமூகம்' வேண்டுமே என்று பெற்றோரை வரவழைத்து ஒரு பக்கமாக வெயிலில் நிற்க வைத்தேன். கடல் காற்றில் அட்டைகள் எழும்பிப் பிள்ளைகளின் முகத்தை மூடின. வரவேற்றுப் பேச உள்ளே வந்த தலைமையாசிரியையின் புடவை முளையில் மாட்டியது. அவர் நகர, முளை பிடுங்கிக்கொள்ள, என் கோட்பாடு முழுவதும் அவர் பின்னாலேயே நடந்தது.

அதோடு முடிந்திருந்தால் நல்லது. விரிவுரையாளர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, 'வேலைப் பிரிவினை' அட்டையோடு நின்ற கௌசல்யாவிடம் போனார்.

"முன்னாடி எப்படிம்மா படிச்சீங்க?"

"பங்கு போட்டுக்கினோம் சார்."

"என்ன பங்கு?"

"கடல்ல போடற மாரிதான் சார். படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு. எங்க நைனா முடியாம வூட்ல கீறாரு. அப்பகூட எங்க வூட்டுக்குப் பங்கு குடுத்துகினுதான் கீறாங்க. நான் காலைல அம்மாகூடப் போவசொல்ல, மேரி என் நோட்ல எழுதுவா. நான் வந்து அவங்களுக்குக் கணக்கு சொல்லித் தருவேன்."

"இப்ப?"

"இப்ப பங்கு இல்ல சார். மிஸ் வாணான்னுட்டாங்க. நோட்டு காலியா கீது."

விரிவுரையாளர் தரையில் கிடந்த கயிற்றைப் பார்த்தார். பிறகு என்னை. "மேடம், விதி, சமூகம், வேலைப் பிரிவினை எல்லாத்தையும் இந்தப் பொண்ணே சொல்லிட்டா. உங்க படத்துல இது எங்க இருக்கு?"

சிவப்பு மையில் 'முரண்பாடு' என்று எழுதியிருந்த அட்டையைக் காட்டினேன். வேறு எதைக் காட்டுவது?

அந்த அவமானத்தை நான் தாங்கியிருப்பேன். ஆனால் வெயிலில் நின்றவர்களில் கௌசல்யாவின் அம்மாவும் இருந்தார். கரையிலிருந்து நேராக வந்திருந்தார்.

"மூணு வாரமா நோட்டு காலியா? வூட்ல ஏன்டி சொல்லல?"

"சொன்னா நீ ஒண்டியா கூடையத் தூக்குவியேம்மா."

அம்மா என் பக்கம் திரும்பினார். குரல் உயரவே இல்லை. "டீச்சரம்மா, நான்தான் அவள இஸ்துகினு போறேன். எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே. இத்தினி பேர் எதிர்லயா எனக்குத் தெரியணும்?"

மூன்று வாரத்தில் ஆறு முக்கோணம் வரைந்த எனக்கு அவரிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை.

அடுத்த வாரமே டிசி கேட்டு வந்தார். செங்கல்பட்டில் தங்கை வீட்டில் விட்டுப் படிக்க வைக்கப் போகிறாராம். விதியை எடுத்துவிட்டேன், பழையபடியே எழுதட்டும் என்று கெஞ்சினேன். "உங்க மேல கோவம் இல்ல டீச்சரம்மா. அங்க இருந்தா காலைல நேரத்துக்குப் போவா" என்றார். கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். காரணம் என்ற கட்டத்தில் 'பெற்றோர் விருப்பம்' என்று என் கையால் எழுதினேன். பொய்தான்.

ஆய்வேட்டின் கடைசிப் பகுதியை மட்டும் நடந்தது நடந்தபடி மாற்றி எழுதினேன். 'நேர்மையான ஆய்வு' என்று பாராட்டிச் சான்றிதழ் தந்தார்கள். பீரோவில் துணிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

மாதக் கடைசியில் அந்தப் பெஞ்சின் நோட்டுகளைத் திருத்தினேன். மூன்று பேர், நான்கு நோட்டு இருந்தது. நான்காவதில் அன்றைய பாடம் வரை உருண்டை எழுத்து.

"அவதான் போயிட்டாளே மேரி. இது யாருக்கு?"

"அவ பங்கு மிஸ்" என்றாள் மேரி. "லீவுல வந்தா கேப்பா."

இப்போதும் எங்கள் வீட்டு விசேஷங்களில் நீ இதைச் செய், நீ அதைப் பார் என்று நான் ஆரம்பித்தால் போதும், என் கணவர் குரல் கொடுப்பார்: "எல்லாரும் ஓரமா நில்லுங்கப்பா, மேடம் கயிறு கட்டப் போறாங்க." புது மருமகள், சின்ன மாப்பிள்ளை என்று வருகிறவர்களுக்கெல்லாம் புடவை மாட்டிய கதையை நானே நடித்துக் காட்டுவேன். வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். கதை அங்கேயே முடிந்துவிட்டது என்றுதான் அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நான்காவது நோட்டைப் பற்றி வீட்டில் இதுவரை யாரிடமும் நான் சொன்னதில்லை.